தெருவை அறிந்த காவலர்

நுழையும்முன்
காவல்துறைக்கு வலிமை தருவது படைக்கலனா, மக்களின் நம்பிக்கையா? இவ்வினாவைத் தம் பணிவாழ்வு முழுவதும் எதிர்கொண்ட அமெரிக்கர் ஒருவரைப் பற்றியது இப்பாடம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ளது ஹூஸ்டன் மாநகரம். 1977ஆம் ஆண்டு அங்கே, இராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய, மெக்சிகோ வழிவந்த 23 வயது இளைஞர் ஒருவரைக் காவலர்கள் கைது செய்து கடுமையாகத் தாக்கினர். பின்னர் அவருடைய உடல் நகரின் ஓடையொன்றில் கண்டெடுக்கப்பட்டது. குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்ட காவலர் இருவருக்கு மாநில நீதிமன்றம் வழங்கியது நன்னடத்தைக் கண்காணிப்பும் ஒரு டாலர் அபராதமுமே. ஓர் உயிரின் விலை ஒரு டாலரா என மக்கள் கொதித்தனர். மறு ஆண்டு கலவரம் வெடித்தது. காவலரைக் கண்டு ஒதுங்கிய அம்மக்களின் நகருக்கு, 1982ஆம் ஆண்டு கறுப்பினத்தவர் ஒருவர் முதன்முறையாகக் காவல்துறைத் தலைவரானார். அவரே லீ பிரவுன்.

பிரவுன் 1937ஆம் ஆண்டு ஓக்லஹோமாவில் உழவுத்தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். பிழைப்புத் தேடிக் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த அக்குடும்பத்தில் கல்லூரிக் கல்வி எளிதில் எட்டும் பொருளன்று. 1960ஆம் ஆண்டு சான் ஓசே நகரில் ரோந்துக் காவலரான அவர், பணியாற்றிக்கொண்டே படித்தார். 1970ஆம் ஆண்டு குற்றவியலில் முனைவர் பட்டம் பெற்றார். சீருடையும் நூலகமும் ஒருங்கே வாய்த்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே. பல்கலைக்கழகங்களில் கற்பித்தபின், ஓரிகனிலும் அட்லாண்டாவிலும் பாதுகாப்புப் பொறுப்புகளை ஏற்றார்.

ஹூஸ்டனில் அவர் கண்ட குறை எளியது, ஆனால், ஆழமானது. தொலைபேசி அழைப்பு வந்தால் காவலர் காரில் விரைவார்; குறிப்பெழுதுவார்; திரும்பிவிடுவார். அத்தெருவில் வாழ்வோர் யார், அவர்களின் அச்சம் என்ன என்பதை அவர் அறியார். ஆகவே, கடைவீதிகளில் சிறு காவல் நிலையங்களைப் பிரவுன் திறந்தார். காவலருக்குக் குறிப்பிட்ட பகுதிகளை ஒப்படைத்து, அங்குள்ள குடியிருப்போருடன் அமர்ந்து பேசச் செய்தார். இது காவற்பணியா, சமூகப்பணியா எனத் துறையினரே ஏளனம் செய்தனர். அவர் அடிக்கடி வெளியூர் செல்வதைச் சுட்டிப் பட்டப்பெயரும் சூட்டினர். அந்த எள்ளலில் ஓரளவு உண்மையும் இருந்தது.

1990ஆம் ஆண்டு அவர் நியூயார்க் காவல் ஆணையரானார். அவ்வாண்டில் மட்டும் அந்நகரில் 2,200க்கும் மேற்பட்ட கொலைகள் நிகழ்ந்தன. காவலரைக் காரிலிருந்து இறக்கித் தெருவில் நடக்கச் செய்தார். ஆயினும், 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிரௌன் ஹைட்ஸ் பகுதியில் யூத சமயத் தலைவர் ஒருவரின் வாகன அணிவகுப்பைச் சேர்ந்த கார் மோதிக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் இறந்தான்; சில மணி நேரத்தில் யூத மாணவர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். கலவரம் மூன்று நாள் நீடித்தது. காவல்துறை விரைந்து செயற்படவில்லை என்று பின்னர் மாநில அரசின் அறிக்கை பிரவுனையும் குறைகூறியது. தெருவை அறியவேண்டும் என்று போதித்தவருக்கு நேர்ந்த பெருஞ்சறுக்கல் இது. 1992ஆம் ஆண்டு, நோயுற்ற மனைவிக்காகப் பதவி விலகினார்.

பின்னர், கிளிண்டன் அரசில் போதைப்பொருள் தடுப்புக் கொள்கையின் தலைமைப் பொறுப்பை வகித்த அவர், 1997ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று ஹூஸ்டனின் முதல் கறுப்பின மேயரானார். அடுத்தடுத்து மூன்றுமுறை மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். மூன்றாம் முறை வெற்றி நூலிழையில் கிட்டியது. 2001ஆம் ஆண்டு அலிசன் புயல் நகரை மூழ்கடித்தது. நடுவணரசின் நிதி தடைபட்டபோதும் நகரின் முதல் இலகு இரயில் பாதை, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்தில் உருவானது.

அதே காலத்தில், காவல்துறையின் ஆய்வகம் நிதியும் பயிற்சியும் இன்றிச் சீர்குலைந்திருந்தது. ஒழுகிய கூரையின் நீர் சான்றுப்பொருள்களை நனைத்தது. 2002ஆம் ஆண்டு இறுதியில் அதன் மரபணுப் பிரிவு மூடப்பட்டது. பிழையான பரிசோதனையால், 16 வயதில் கைதான கறுப்பினச் சிறுவன் ஒருவனுக்கு 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. மறுபரிசோதனை அவன் குற்றமற்றவன் எனக் காட்டியது. நான்கரை ஆண்டுகளுக்குப்பின், 2003ஆம் ஆண்டு மார்ச் மாதம், இளைஞனாக அவன் வெளியே வந்தபோது, பிரவுனின் மேயர் பதவிக்காலம் முடிய ஏறத்தாழ பத்து மாதங்கள் எஞ்சியிருந்தன.