கோப்பின் கைரேகை

மனிதரை அடையாளம் காணக் கைரேகை உதவுகிறது. உலகின் முதல் கைரேகைப் பிரிவு 1897இல் கல்கத்தாவில் தோன்றியது. கணினிக் கோப்புக்கும் அத்தகைய ரேகை உண்டு. அதுவே 'ஹாஷ்'.

கோப்பு சிறிதாயினும் பெரிதாயினும், எஸ்.எச்.ஏ-256 என்னும் கணக்கு முறை 64 குறிகள் கொண்ட எண்ணொன்றைத் தரும். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் அடியோடு மாறிவிடும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் எண் மாறாது.

இதனால் பயன் யாது? குற்ற வழக்கில் கைப்பற்றிய கணினியில் இலட்சக்கணக்கான கோப்புகள் இருக்கலாம். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம், அறிந்த மென்பொருள் கோப்புகளின் ஹாஷ் எண்களைத் தொகுத்து வெளியிடுகிறது. எண் பொருந்தும் கோப்புகளை ஒதுக்கி, எஞ்சியவற்றை மட்டும் ஆராயலாம். எண்ணூர்த் துறைமுகத்தில் கண்டெய்னரின் முத்திரை எண் பொருந்தாவிடில் ஐயம் எழுமன்றோ? அவ்வாறே, நல்ல கோப்பின் பெயரைச் சூடிய கள்ளக் கோப்பும் அகப்படும்.

ஆனால் பட்டியலில் உள்ளவை எல்லாம் நல்லவையும் அல்ல. இல்லாதவை எல்லாம் தீயவையும் அல்ல. 'அறிந்தது' என்பதே அதன் பொருள். முறைகளும் பழுதுபடும்: எம்.டி.5 முறையில் இரு வேறு கோப்புகளுக்கு ஒரே எண் வரக்கூடுமென 2004இல் சீன அறிஞர் வாங் சியாவுன் குழுவினர் காட்டினர்.

நம் நாட்டில் 1.7.2024 முதல் நடைமுறையிலுள்ள சாட்சியச் சட்டப்படி, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழில் ஹாஷ் எண்ணும் குறிக்கப்படவேண்டும். பதிவு பின்னர் திருத்தப்பட்டால் எண் காட்டிக்கொடுத்துவிடும். குற்றமற்றவர் ஒருவரின் விடுதலை அந்த 64 குறிகளைச் சார்ந்தும் இருக்கலாம்!