பிளாஸ்மா விளக்கு வாங்கினால் மல்லிகை பூக்குமா?

கேள்வி: நான்கு மல்லிகையும் இரண்டு செவ்வரத்தையும் சாடியில் வளர்க்கிறேன். கோடையில் பின்வளவில் வைத்தால் கொட்டிக் கொட்டிப் பூக்கும். ஒக்டோபரில் பேஸ்மென்ட்டுக்கு இறக்கினால் அதோடு சரி. மார்ச் வரை ஒரு மொட்டுக்கூட இல்லை, இலையும் உதிர்கிறது. இப்போது ஒரு சாதாரண ரியூப் லைட் போட்டிருக்கிறேன். மகனின் சிநேகிதர் ஒருவர் தான் பாவித்த பிளாஸ்மா விளக்கை அரை விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். அப்படியே சூரிய வெளிச்சம் மாதிரியாம். வாங்கலாமா? இல்லை, பழைய சோடியம் விளக்கே போதுமா? கூடவே ஒரு கலஞ்சோவும் நிற்கிறது. அதுவும் பூக்கவில்லை.
— ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, வாங்க வேண்டாம். ஆனால் அந்தப் பிள்ளை சொன்னது பொய்யில்லை. பிளாஸ்மா விளக்கின் வெளிச்சம் உண்மையிலேயே அருமையானது. அப்படியிருந்தும் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த விளக்கில் இழையும் இல்லை, மின்முனையும் இல்லை. மூடிய குவார்ட்ஸ் குமிழுக்குள் இருக்கும் பொருளை நுண்ணலை போன்ற மின்காந்த அலையால் சூடாக்கி, ஆவியாக்கி, ஒளிர வைக்கிறார்கள். 1990களில் அமெரிக்காவில் வந்தவற்றில் இருந்தது கந்தகம். கோல்ஃப் பந்தளவு குமிழ், அதற்கு மைக்ரோவேவ் அடுப்பில் உள்ள அதே மேக்னெட்ரான். 1994இல் வாஷிங்டனில் எரிசக்தித் துறைக் கட்டடத்தின் முன் 240 அடி நீளக் குழாய் ஒன்றை அமைத்து, அதன் இரண்டு முனைகளிலும் இப்படி ஒவ்வொரு விளக்கை வைத்தார்கள். அதுவரை அங்கே எரிந்த 240 பாதரச விளக்குகளின் வேலையை அந்த இரண்டுமே செய்தன. அவற்றைச் செய்த ஃபியூஷன் லைட்டிங் நிறுவனம் 2003இல் மூடப்பட்டது. பிறகு பட்டாணி அளவுக் குமிழோடு சிறிய வகைகள் வந்தன. செடி வளர்ப்பவர்களுக்கென்று விற்றவை பெரும்பாலும் இவைதான். உங்களுக்குக் கிடைக்கப்போவதும் இதில் ஒன்றாக இருக்கலாம்.

ஒளியின் தரம் என்று பார்த்தால், நெதர்லாந்தில் வாஹனிங்கன் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. கந்தக பிளாஸ்மா விளக்கோடு ஹாலஜன் விளக்குகளையும் சேர்த்துச் சூரிய ஒளியைப் போன்ற ஒளியை உண்டாக்கி, அதில் வெள்ளரி நாற்றுகளை வளர்த்தார்கள். 13 நாளில் அவற்றின் உலர் எடை, ரியூப் லைட்டில் வளர்ந்ததைப்போல் 2.3 மடங்கு, சோடியம் விளக்கில் வளர்ந்ததைப்போல் 1.6 மடங்கு. நான் இதைப் பலமுறை படித்திருக்கிறேன். என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொரு விவரம்: இலையின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரும் செய்த ஒளிச்சேர்க்கை அங்கே கூடவேயில்லை. காம்பு நீண்டு, இலை சீக்கிரம் விரிந்து, செடி வெளிச்சத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். ஒளியின் நிறம் செடியின் உடல்வாகை மாற்றுகிறது. ஆனால் அது நாற்றின் கதை, பூவின் கதையல்ல.

உங்கள் மல்லிகையைப் பட்டினி போடுவது ஒளியின் நிறமல்ல, அளவு. டிசெம்பரில் ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணி நேரம்கூட முழுதாக இல்லை. பேஸ்மென்ட்டுக்கு அதுவும் எட்டாது. மல்லிகையும் செவ்வரத்தையும் புதுத் துளிரின் நுனியில் மொட்டு வைக்கும் செடிகள். துளிர் ஓட வேண்டுமானால் இலைமட்டத்தில் சதுர மீற்றருக்கு வினாடிக்கு 300 மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அளவு) ஒளி, நாளுக்கு 14 மணி நேரம் வேண்டும் என்பது நான் வைத்துக்கொள்ளும் கணக்கு. வெள்ளை எல்.ஈ.டி. என்றால் சுமார் 20,000 லக்ஸ். கைபேசிச் செயலியே ஓரளவுக்குக் காட்டிவிடும். இப்போதே போனை ரியூப் லைட்டுக்குக் கீழே, இலையின் மேல் வைத்துப் பாருங்கள். இலை ஏன் கொட்டுகிறது என்பதற்கு அந்த எண் விடை சொல்லும்.

இனி எந்த விளக்கு இதைக் குறைந்த மின்சாரத்தில் தரும் என்பதுதான் கேள்வி. இன்றைய நல்ல எல்.ஈ.டி. ஒரு ஜூல் மின்சாரத்துக்கு 2.5 மைக்ரோமோலுக்குக் குறையாமல் தருகிறது. சிறிய பிளாஸ்மா விளக்கும், வீடுகளில் கிடக்கும் பழைய 400 வாட் சோடியமும் 1ஐ ஒட்டியே நிற்கின்றன. உங்கள் ஆறு சாடியும் நெருக்கி வைத்தால் ஒரு சதுர மீற்றர் இருக்கும். அதற்கு எல்.ஈ.டி.யில் 150 வாட் போதும். மற்றவை குறைந்தது அதைப்போல் இரண்டு மடங்கு இழுக்கும். 14 மணி நேரம் வீதம் ஐந்து மாதத்துக்கு 315 அலகா, 630க்கு மேலா என்பதை உங்கள் பில்லோடு வைத்துப் பாருங்கள். அரை விலையில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். குமிழ் பழுதானால் கடையில் வேறு குமிழ் வாங்கி மாட்டவும் முடியாது. குமிழும் அதை இயக்கும் பாகமும் ஒன்றாகவே வரும், அதைச் செய்த நிறுவனம் இன்று இருந்தாக வேண்டும். நுண்ணலையில் ஓடும் வகையென்றால், காப்பு வலை சரியில்லாவிட்டால் வீட்டு வைஃபையும் தடுமாறும். இரண்டும் ஒரே அலைவரிசையில் ஓடுபவை.

சோடியம் விளக்கைப் பற்றி என் அனுபவத்தையே சொல்லிவிடுகிறேன். பல குளிர்காலங்களுக்கு முன் ஒரு 400 வாட் விளக்கை மல்லிகைக்கு மேலே ஒன்றரை அடியில் தொங்கவிட்டேன். ஐந்தாம் நாள் மேல் இலைகளின் விளிம்பு கடதாசிபோலக் காய்ந்து சுருண்டுவிட்டது. கீழ்க் கிளைகளில் இலைக்கு அடியில் மெல்லிய நூலாம்படை, சிலந்திப்பேன். ஹீற்றர் ஓடும் வீட்டின் வறண்ட காற்றும் விளக்கின் சூடும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். செடிகளை இழந்த பிறகுதான் புறங்கையை இலை உயரத்தில் அரை நிமிடம் பிடித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. கை சுட்டால் இலையும் சுடும். போதாததற்குச் சோடியத்தில் நீல ஒளி மிகக் குறைவு, தண்டு நெடுநெடுவென்று ஓடும். ஆனால் இப்போதுள்ள ரியூப் லைட்டை எறிய வேண்டாம். ஆபிரிக்கன் வயலட் போன்ற தாழ்ந்த செடிக்கு அது இன்றும் நல்ல விளக்கு.

ஆகவே 150 வாட் அளவில் ஒரு வெள்ளை எல்.ஈ.டி. வாங்குங்கள். விளக்கு உண்மையில் இழுக்கும் வாட் எவ்வளவு என்று அட்டையில் பாருங்கள். "1000 வாட்டுக்கு இணை" என்று பெரிதாகப் போட்டிருப்பதை விட்டுவிடுங்கள். ஊதா நிறத்தில் எரிவது வேண்டாம். அந்த வெளிச்சத்தில் இலை மஞ்சளிப்பதும் பேன் பிடிப்பதும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு ரைமர் மாட்டி காலை ஆறு முதல் இரவு எட்டு வரை எரிய விடுங்கள். சாடிகளை வெறும் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகைமேல் ஏற்றுங்கள், வேர் குளிர்ந்தால் மேலே எவ்வளவு ஒளி கொடுத்தும் துளிர் ஓடாது. விளக்கு மாட்டிய அன்றே மல்லிகையின் நீண்ட கொப்புகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே வரும் புதுக் கிளையின் நுனியில்தான் மும்மூன்றாக மொட்டு வரும்.

கலஞ்சோவை மட்டும் அந்த விளக்கடியில் வைக்காதீர்கள். அது நீண்ட இரவு வேண்டுகிற செடி. தினமும் 14 மணி நேர இருட்டு ஆறு வாரம் தொடர்ந்து கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். நடுவில் யாராவது லைட் போட்டாலே கணக்குக் குழம்பிவிடும். உங்கள் பேஸ்மென்ட்டில் அது பூக்காததற்குக் காரணமும் இதுவாகத்தான் இருக்கும். மேல்மாடியில், மாலையானால் ஒருவரும் புழங்காத அறையொன்று இருந்தால், அதன் தெற்கு ஜன்னலில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.