ஐஸ் கம்பெனி முதல் ஓசோன் வரை



என் அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கட்டி ஏற்றும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். ரெஃப்ரிஜிரேஷன் பாடம் ஆரம்பித்ததும், "ஐஸ் கம்பெனியில என்ன கேஸ்ப்பா போடுறாங்க?" என்று அப்பாவிடம் கேட்டேன். "பேரெல்லாம் தெரியாது தம்பி. லீக் ஆனா கண்ணு எரியும், மூச்சு அடைக்கும். ஈரத்துண்டை மூஞ்சில கட்டிக்கிட்டு வெளிய ஓடிருவோம்" என்றார். அந்த வாயு அம்மோனியா. அவருடைய பதில்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

தொடக்க கால இயந்திரங்கள்

1834-ல் லண்டனில் ஜேக்கப் பெர்கின்ஸ், ஈதரைக் கொண்டு இயங்கும் குளிர்பதன இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆவியை அழுத்துவது, குளிர்வித்துத் திரவமாக்குவது, மறுபடி ஆவியாக்குவது என்று நாம் பரீட்சையில் வரையும் சுற்று அதிலேயே இருக்கிறது. 1850-களில் ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் ஈதர் இயந்திரத்தால் ஐஸ் தயாரித்தார். ஆனால் ஈதர் சட்டென்று தீப்பற்றும். 1870-களில் ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே அம்மோனியா கம்ப்ரஸரைக் கொண்டு வந்தார். அம்மோனியா மைனஸ் 33 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். வெப்பத்தை நன்றாக உறிஞ்சும். செம்பை அரிக்கும் என்பதால் இரும்புக் குழாய்தான் போட வேண்டும். பெரிய குறை அதன் நச்சுத்தன்மை.

வாசனை இல்லாத வாயு

1920-களில் அமெரிக்க வீடுகளுக்குள் குளிர்சாதனப் பெட்டி நுழைந்தது. அதில் சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன. கசிவால் உயிர்கள் போயின. இதற்கு மாற்றாக 1928-ல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் ஆர்-12 வாயுவைத் தேர்ந்தெடுத்தனர். 1930-ல் ஒரு கூட்டத்தில் மிட்ஜ்லி அதை மூச்சில் இழுத்து, ஊதி, மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். நச்சு இல்லை, தீ இல்லை! உலகமே நம்பியது.

1974-ல் மொலினா, ரோலண்ட் இருவரும் உண்மையைச் சொன்னார்கள். இவ்வகை வாயு மேல் வளிமண்டலத்துக்குப் போய்ப் புற ஊதாக் கதிரால் உடைகிறது. வெளிவரும் குளோரின் ஓசோனை அழிக்கிறது. 1985-ல் அண்டார்டிகா மேலே ஓசோன் மெலிந்திருப்பது தெரிய வந்தது. 1987-ல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவானது. 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது.

அடுத்து வந்த ஆர்-134ஏ வாயுவில் குளோரின் இல்லை. ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும். எனவே 2016-ல் கிகாலி திருத்தம் வந்தது. இன்று பல வீட்டுப் பெட்டிகளில் ஐசோபியூட்டேன், அதாவது ஆர்-600ஏ. ஓசோனுக்குக் கேடில்லை, புவியைச் சூடாக்குவதும் மிகக் குறைவு. ஆனால் தீப்பற்றும்!

நாம் செய்ய வேண்டியது

நண்பர்களே, முழுக்கப் பாதுகாப்பான வாயு என்று ஒன்று இதுவரை கிடைக்கவில்லை. அம்மோனியா தன் ஆபத்தை மூக்குக்குச் சொல்லிவிடும். ஆர்-12 யாருக்கும் சொல்லவில்லை. ஆகவே சர்வீசுக்குப் போகும்போது முதலில் பெயர்ப்பலகையைப் படியுங்கள். ஆர்-600ஏ என்றிருந்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். வாயு உள்ளே இருக்கும்வரை பிரேசிங் டார்ச்சைப் பற்ற வைக்காதீர்கள்.

இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ படிச்சு வந்து ஐஸ் கம்பெனி கட்டினா, வாசல் ரெண்டா வையி தம்பி. எங்களுக்கு ஒண்ணுதான் இருக்கு" என்றார்.

என் பாட நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதி வைத்திருக்கிறேன்.

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை