ஹாரன் இருக்க ரேடார் எதற்கு?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி, கெடிலம் ஆற்றுப் பாலம் தாண்டி, சிப்காட் தொழிற்பேட்டை வழியாகச் சிதம்பரம் வரை ரோடு பைக் ஓட்டிவிட்டுத் திரும்புகிறவர்களிடையே அண்மைக்காலமாக ஒரு விவாதம் ஓடுகிறது. சீட்டுக்கு அடியில் பின்பக்கம் பார்த்தபடி மாட்டும் ரேடார் வாங்கலாமா, வேண்டாமா என்பதுதான் அது. கையடக்கப் பெட்டி, அதிலேயே சிவப்பு விளக்கு. பின்னால் வண்டி வந்தால் ஹேண்டில்பாரில் இருக்கும் திரையில் ஒரு புள்ளி மேலே ஏறும், பீப் கேட்கும். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்தில் ஐக்குபு என்ற சின்னக் கம்பெனி உருவாக்கியதை 2015 தொடக்கத்தில் கார்மின் வாங்கி, அதே ஆண்டு ‘வேரியா’ என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. இப்போது பிரைட்டன், மஜீன், டிரெக், வாஹூ என்று பலரும் செய்கிறார்கள். கார்மின் கருவி வாங்கும் பணத்தில் நம் ஊரில் ஒரு நல்ல சைக்கிளே வாங்கிவிடலாம். அதனால் வாங்கியவர் ஒன்று சொல்கிறார், வாங்காதவர் வேறொன்று சொல்கிறார். அவற்றில் எது தேறும் என்று பார்ப்போம்.

“இங்கேதான் எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்களே, அப்புறம் ரேடார் எதற்கு?”

அடிக்கடி கேட்பதும், கேட்டவுடன் நியாயமாகப் படுவதும் இதுதான். ஆனால் ஹாரன் அடிக்கிறவர் உங்களைப் பார்த்துவிட்டவர். ஆபத்து பார்க்காதவரிடமிருந்து வருகிறது, அவர் ஹாரன் அடிக்க மாட்டார். இரவெல்லாம் ஓட்டிவிட்டு விடியற்காலைத் தூக்கக் கலக்கத்தில் வருகிற வேன்காரரும், மடியில் கிடக்கும் கைப்பேசியில் ஒரு கண் வைத்திருப்பவரும் சத்தமில்லாமல்தான் வருவார்கள். மின்சார ஸ்கூட்டரும் பேட்டரி ஆட்டோவும் வந்த பிறகு இன்ஜின் சத்தத்தையும் நம்ப முடியாது. எதிர்க்காற்றில் மிதிக்கும்போது காதில் ‘ஓ’ என்ற இரைச்சல் வேறு.

அடிக்கிற ஹாரனாவது ஏதாவது சொல்கிறதா? வருவது ஒரு வண்டியா மூன்றா, எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் என்பதெல்லாம் அதிலிருந்து தெரியாது. நம் நெடுஞ்சாலைப் பழக்கத்தில், ‘நான் வேகத்தைக் குறைக்கப் போவதில்லை, நீ அசையாதே’ என்பதுதான் அதன் செய்தி. பல சுருதியில் அலறும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதி 119 தடை செய்கிறது. அந்த விதி அச்சில் பத்திரமாக இருக்கிறது, ஏர் ஹாரன் பஸ்ஸில் பத்திரமாக இருக்கிறது. அது முதுகுக்குப் பின்னால் அலறும்போது உடம்பு தானாகத் துள்ளும், தலை வலது தோளுக்கு மேல் திரும்பும். தலையோடு தோளும், தோளோடு கையும் போகும். சைக்கிள் ஒரு முழம் சாலைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும், பஸ் வந்துகொண்டிருக்கும் அதே பக்கமாக. ரேடார் செய்யும் பெரிய உபகாரம் இந்தத் துள்ளலைக் குறைப்பது. முன்கூட்டியே பீப் கேட்டவர் பஸ் பக்கத்தில் வரும்போது நேராகவே போவார்.

“எங்கேயோ வருகிற வண்டிக்கு இங்கேயே கத்தி என்ன பயன்?”

கணக்குப் போட்டால் தெரியும். வேரியா 140 மீட்டர் தூரத்திலிருந்து வண்டியைக் கண்டுபிடிக்கும் என்கிறது கம்பெனி. நீங்கள் மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறீர்கள், பஸ் 80 இல் வருகிறது என்றால் வித்தியாசம் 55. அந்த 140 மீட்டரைக் கடக்கப் பஸ்ஸுக்கு ஒன்பது விநாடி ஆகும். 100 இல் வரும் காருக்கு ஏழு விநாடிகூட இல்லை. 60 இல் வரும் லாரியென்றால் பதினான்கு விநாடி.

ஒன்பது விநாடியில் என்ன செய்ய முடியும் என்பதற்கு சிப்காட் ஓரம் நல்ல உதாரணம். இடப்பக்கம் ஒரு டேங்கர் லாரி நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டுமானால் வண்டிகள் ஓடும் தடத்துக்குள் ஏற வேண்டும். இப்போதே ஏறிவிடலாமா, லாரிக்குப் பின்னால் காலை ஊன்றி நின்றுகொள்ளலாமா? திரையில் புள்ளி இல்லை, தலையைத் திருப்பிப் பார்த்தாலும் சாலை காலி என்றால் ஏறலாம். சிவப்பில் ஒரு புள்ளி விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தால் நிற்கலாம். பள்ளத்துக்கு ஒதுங்கும்போதும், ஓரத்து மணலை விட்டு உள்ளே வரும்போதும் இதே முடிவைத்தான் எடுக்கிறோம். நெடுஞ்சாலைச் சவாரியில் இந்த மாதிரி முடிவுகள் கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று வரும். வெள்ளைக்கோட்டுக்கு இடப்புறமே கடைசி வரை போய்விடலாம் என்பவர் அந்த ஓரத்தில் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

“பின்னாலிருந்து மோதுவதெல்லாம் அபூர்வம்”

மோதல்களை மட்டும் எண்ணினால் இதில் கொஞ்சம் உண்மை உண்டு. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019 இல் வெளியிட்ட ஆய்வின்படி, சைக்கிளும் மோட்டார் வண்டியும் மோதிக்கொள்வதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சாலைச் சந்திப்புகளில் நடக்கிறது. ஆனால் உயிர் போன மோதல்களில் நான்கில் ஒன்று, சந்திப்பே இல்லாத நேர்ச்சாலையில் சைக்கிளை முந்த வந்த வண்டியால் நடந்தது. எண்ணிக்கையில் குறைவு, அடி பலம்.

நம் நாட்டுக் கணக்கும் ஆறுதல் தருவதில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 ஆம் ஆண்டு அறிக்கையில், எல்லா வகை வண்டிகளையும் சேர்த்து, விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் பின்னாலிருந்து மோதியவை. அந்த ஆண்டில் இறந்த சைக்கிள்காரர்கள் 4,836 பேர், நாளொன்றுக்குப் பதின்மூன்று உயிர். அதே ஆண்டு சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு.

“ரேடார் கண்ணிலிருந்து எந்த வண்டியும் தப்பாது”

தப்பும். இதை வாங்குகிறவர் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கருவி நுண்ணலையை அனுப்பி, வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் மாற்றத்தை வைத்துத் தன்னை நோக்கி வருகிறதா, எவ்வளவு வேகமாக என்று கணிக்கிறது. நெருங்கி வராத எதையும் அது பொருட்படுத்தாது. எதிர்த்தடத்தில் உங்களைக் கடந்து போன லாரி விலகிப் போவதால் அதைக் காட்டிக் குழப்பாது. இது அதன் பலம். இதுவே பலவீனமும் ஆகும். முந்த இடம் கிடைக்காமல் உங்கள் வேகத்துக்கே இறங்கி முதுகில் ஒட்டிக்கொண்டு வரும் டவுன் பஸ் இப்போது நெருங்கவில்லை, கூடவே வருகிறது. திரையிலிருந்து அதன் புள்ளி மறைந்துவிடும். பஸ் போய்விட்டது என்று நினைத்து வலப்பக்கம் ஒதுங்கினால் கதை முடிந்தது. மெதுவாக வரும் டிவிஎஸ் எக்ஸெல்லையும் இதே காரணத்தால் கோட்டைவிடும்.

அலை நேர்க்கோட்டில் போகிறது. நெல்லிக்குப்பம் சாலை போல வளைந்து நெளியும் இடத்தில், வளைவுக்கும் வீட்டுச் சுவருக்கும் அப்பால் வருவது தெரியாது. பஸ்ஸின் முதுகில் மறைந்து வந்து சட்டென்று வெளியே பாயும் பைக்கும் அப்படித்தான். புள்ளி ஒன்று கடந்தவுடன் சாலை காலி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

முன்பக்கம் இன்னொரு பெரிய ஓட்டை. விழுப்புரம்–நாகப்பட்டினம் சாலை நால்வழியான பிறகு நடுவில் தடுப்பு வந்துவிட்டது. திரும்பும் இடம் தொலைவில் இருப்பதால் டூவீலர்காரர்கள் ராங் சைடில், அதுவும் சைக்கிள் போகும் அதே இடது ஓரத்தில், விளக்குக்கூட இல்லாமல் எதிரே வருகிறார்கள். அறுவடைக் காலத்தில் சாலையில் காயும் நெல், குறுக்கே ஓடும் நாய், சந்திலிருந்து தலையை நீட்டும் டிராக்டர் எல்லாம் முன்னால்தான். பின்பக்கத்தைக் கருவி பார்த்துக்கொள்வதால் மிச்சமாகும் கவனம் இவற்றின் மேல் போக வேண்டும். அந்தக் கவனத்தையும் திரையே வாங்கிக்கொண்டால் வாங்கியதே நஷ்டம். பீப் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு திரையை மறந்துவிடுவது என் கட்சி.

“கண்ணாடி வைத்தால் போதும்”

பகலில் பாதி உண்மை. ஹேண்டில்பாரில் மாட்டும் சின்னக் கண்ணாடி சில நூறு ரூபாய்தான், முதுகில் ஒட்டி வரும் பஸ்ஸையும் காட்டும். ரேடார் விட்ட இடத்தைப் பிடிப்பது அதுதான். ஆனால் நீங்கள் பார்த்தால்தான் அது காட்டும், இருட்டில் வெறும் ஹெட்லைட் பளபளப்பைத்தான் காட்டும். ரேடார் வாங்கியவர் கண்ணாடியைக் கழற்றுவது தப்புக் கணக்கு.

“டவுனுக்குள்ளும் காப்பாற்றும்”

லாரன்ஸ் ரோட்டில் மாலை ஆறு மணிக்கு அதைப் போட்டுப் பாருங்கள். ஓயாமல் கத்தும், ஓயாத எச்சரிக்கை எச்சரிக்கையே அல்ல. அங்கே ஆபத்து பக்கவாட்டில், நின்ற ஆட்டோவிலிருந்து இறங்குகிறவரிடமிருந்து வருகிறது. மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் இடையில் மட்டுமே சைக்கிள் ஓட்டுகிறவர் இந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

“மழையில், இருட்டில் வேலை செய்யாது”

தவறு. இது கேமரா அல்ல, வெளிச்சம் தேவையில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் காது கேட்காமல் போகும்போதுதான் இதன் அருமை தெரியும். வேரியா ஆர்டிஎல் 515 பகல் மினுக்கில் 16 மணி நேரம், அணையாமல் எரியவிட்டால் 6 மணி நேரம் தாங்கும் என்கிறது கம்பெனி. இரவுச் சவாரிக்குக் கிளம்புகிறவர் இரண்டாவது எண்ணை நம்ப வேண்டும். கதிர்வீச்சு உடம்புக்கு ஆகாது என்றும் சிலர் சொல்கிறார்கள். அது வெளியிடும் சக்தி சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியைவிடக் குறைவு.

“பணக்காரப் பொம்மை”

யாருக்கு என்பதைப் பொறுத்தது. நெடுந்தூர பிரவே சவாரிக்குப் பழகுகிறவர், 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டியவர், சிதம்பரம் சாலையில் கொத்தட்டை சுங்கச்சாவடியை விடியும் முன்பே தாண்டுகிறவர் என்றால் வாங்கலாம் என்பேன். பளபளக்கும் கார்பன் சக்கரத்துக்குக் கொடுக்கும் பணத்தைவிட இது உருப்படியான செலவு.

ஆனால் இந்தச் சாலையில் இரவில் சைக்கிள் மிதிக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் அவர்கள் இல்லை. ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியும், டியூஷன் விட்டு அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் வரும் பதினோராம் வகுப்புப் பிள்ளையும்தான். அவர்களுக்கு வேண்டியது பின்னால் வருகிறவர் கண்ணில் படுவது. டைனமோ லைட் எரியாவிட்டால் போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்திய காலம் ஒன்று இருந்தது. இன்று கேட்பாரில்லை. மட்கார்டில் சேறு படிந்த ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைப்பதும், நல்ல பின்விளக்கு ஒன்று மாட்டுவதும் ரேடாருக்கு முந்திய வேலை. ரேடாரிலேயே பாதி வேலையைச் செய்வது அதிலிருக்கும் விளக்குதான், வண்டி நெருங்கும்போது மினுக்கும் விதத்தை மாற்றி ஓட்டுநரை நிமிர வைக்கும்.

“கூட்டமாகப் போனால் ஆளுக்கொன்று வேண்டும்”

வேண்டாம். ஒரே வேகத்தில் வரும் நண்பர்களை ரேடார் கணக்கில் எடுக்காது என்றாலும், வரிசையின் நடுவில் இருப்பவரின் ரேடாரை அவர் பின்னால் வருகிறவர்களே மறைத்துக்கொண்டிருப்பார்கள். தவிர, முன்னால் போகிறவரின் மினுக்கும் சிவப்பு விளக்கை மணிக்கணக்கில் கண்ணில் வாங்குவது தண்டனை. ஆர்டிஎல் 515 இல் கூட்டத்துக்கென்றே வெளிச்சத்தைத் தணிக்கும் ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட வேண்டும். வரிசையில் கடைசியில் வருகிறவரிடம் ஒன்று இருந்தால் போதும். பீப் கேட்டதும் அவர் “வண்டி!” என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும், அது ஒவ்வொருவர் வாயாலும் முன்னால் இருப்பவர் வரை போக வேண்டும்.