எனக்கென்று ஒரு சாட்சி இருக்கிறதா?

கேள்வி: நான் பிறந்ததிலிருந்தே சிஎஸ்ஐ சபை. எங்கள் சபையில் சாட்சிக் கூட்டம் வைத்தால் குடியை விட்டவர், சாகக் கிடந்து பிழைத்தவர் என்று எழுந்து பேசுவார்கள். எனக்கு அப்படி எதுவும் நடந்ததில்லை. மாமியார் பக்கவாதத்தில் படுத்திருந்தபோது, சண்டை போட்ட நாளில்கூட ராத்திரி அவர் கையைப் பிடித்து ஜெபம் பண்ணாமல் தூங்கியதில்லை, அவ்வளவுதான். போன மாதம் கூட வேலை பார்க்கும் இந்துத் தோழி, ‘ஜெபம் பண்றதுல உங்களுக்கு என்னக்கா கிடைக்குது?’ என்று கேட்டாள். ‘கர்த்தர் நல்லவர்’ என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. விசுவாசம் இருந்தும் ஏன் சொல்ல வரமாட்டேன் என்கிறது?
- வாசகி ஒருவர், நாகர்கோவில்

பதில்: பதிலில் பாதியைக் கேள்விக்குள்ளேயே எழுதிவிட்டு, ‘அவ்வளவுதான்’ என்று தாண்டிப் போயிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

சாட்சி என்பது கடவுள் தன் வாழ்வில் செய்ததை ஒருவர் தன் வாயால் சொல்வது. அதில் பெரிய திருப்பம் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்ற எண்ணம் நம் சபைகளில் ஊறிப்போயிருக்கிறது. பவுலுக்குத் தமஸ்கு வழியில் அப்படித்தான் நேர்ந்தது. அதை எருசலேமில் கூட்டத்துக்கு முன்பும் அகிரிப்பா ராஜாவுக்கு முன்பும் அவரே சொன்னார். ஆனால் அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசத்தைப் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். வீட்டில் வளர்ந்த விசுவாசம் அவருக்கு மட்டமாகப் படவில்லை. உங்களுக்கும் படவேண்டியதில்லை.

அப்படியானால் பேச்சு ஏன் நின்றது? ஞாயிறு பள்ளியிலும் திடப்படுத்தல் வகுப்பிலும் நாம் படிப்பது வினாவிடை, அதாவது விசுவாசக் கொள்கைகளைக் கேள்வியும் பதிலுமாகச் சுருக்கித் தருவது. அது அவசியமான படிப்பு. இன்னும் நன்றாகவே நடக்கவேண்டும் என்பேன். ஆனால் அதில் இருப்பவை எல்லாருக்கும் பொதுவான வாக்கியங்கள். தோழி கேட்டதோ உங்களுக்கு என்ன என்று. உங்களுடையது தினமும் நடந்ததால் ஒரு சம்பவமாகவே உங்கள் கண்ணில் படவில்லை. மனப்பாடமான வாக்கியம் முந்திக்கொண்டது.

தினசரி அனுபவத்தைப் பேசுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 1650களில் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டில், ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துப் பிழைத்த ஜான் பனியன் வேலையாகப் போன இடத்தில், மூன்று நான்கு ஏழைப் பெண்கள் வாசலில் வெயிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மத விஷயம் பேசுவதில் அப்போது பனியனும் கெட்டிக்காரர். காது கொடுக்கக் கிட்டப் போனார். கடவுள் தங்கள் உள்ளத்தைப் புதிதாக்கியதை, வேதம் படித்தவர்கள் ‘மறுபிறப்பு’ என்பதை, அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கள் நெஞ்சின் கேட்டையும் அவிசுவாசத்தையும் சோதனையில் கிடைத்த ஆறுதலையும் ஒளிக்காமல் சொன்னார்கள். யாரும் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. ஆனாலும் அவர்களிடம் இருந்த மகிழ்ச்சி தன்னிடம் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. சிறையில் இருந்த காலத்தில் எழுதி 1666-ல் வெளிவந்த தன்வரலாற்றில் இதை அவரே பதிவு செய்திருக்கிறார். 1678-ல் அவர் எழுதிய ‘மோட்சப் பிரயாணம்’ வெளிவந்தது. அதைத் தழுவித்தான் நம் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார்.

அந்தப் பெண்கள் தங்கள் குறையையும் சேர்த்தே பேசினார்கள் என்பதைக் கவனியுங்கள். இப்போது உங்கள் வரிக்கு வருவோம்: ‘சண்டை போட்ட நாளில்கூட.’ உங்கள் சாட்சி அங்கேதான் இருக்கிறது. அன்று எதற்காகச் சண்டை? கோபத்தோடு எப்படி அந்தக் கட்டிலருகே போனீர்கள்? கையைப் பிடித்ததும் முதலில் வந்தது ஜெபமா, அழுகையா? தோழியிடம் இதைச் சொல்லுங்கள். கோபமும், நோயாளியைப் பார்த்துக்கொள்கிற அலுப்பும் எந்த வீட்டிலும் உள்ளவை. அவருக்கு விளக்கம் தேவைப்படாது.

மாமியார் குணமானாரா என்று நீங்கள் எழுதவில்லை. குணமாகவில்லை என்றால் அப்படியே சொல்லுங்கள். ஏன் என்று தோழி கேட்டால், தெரியாது என்று சொல்வதில் தவறில்லை. யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பார்வை பெற்றவர் அதைத்தான் செய்தார். இயேசு பாவியா இல்லையா என்று பரிசேயர்கள் மடக்கியபோது, அது தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னார்: முன்பு கண் தெரியாது, இப்போது தெரிகிறது.

கேட்டதற்குச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ‘நீயும் ஒரு நாள் சர்ச்சுக்கு வாயேன்’ என்று கடைசியில் ஒட்டவைத்தால், அதுவரை சொன்னதெல்லாம் அதற்குத்தான் என்று ஆகிவிடும். கேட்பவருக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லுங்கள் என்றுதான் பேதுருவும் எழுதினார். மேலும் கேட்டால் மேலும் சொல்லலாம்.

இன்னொன்று: மாமியாரின் நோய் குடும்ப விஷயம். வெளியே பேசுவதற்கு முன் உங்கள் கணவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.