யூடியூப் வருமானம்: சிறிய சேனல்காரர்கள் கவனத்துக்கு

● விளம்பர வருமானம் பெற 1,000 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். கூடவே, கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வை அல்லது 90 நாட்களில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி பார்வைகள் தேவை.

● ஷார்ட்ஸ் ஃபீடில் கிடைக்கும் பார்வை நேரம் அந்த 4,000 மணியில் சேராது. காசு கொடுத்து விளம்பரப்படுத்திப் பெற்ற பார்வையும் அப்படித்தான். பழைய வீடியோவை அழித்தாலோ பிரைவேட் ஆக்கினாலோ அதன் மணிக்கணக்கும் கழிந்துவிடும். பிடிக்காத வீடியோவாக இருந்தாலும் அவசரப்பட்டு அழிக்க வேண்டாம்.

● மீன் குழம்பு வீடியோவின் பின்னணியில் சினிமா பாட்டு ஓடினால், உரிமையாளர் கோரும்போது வருமானம் அவருக்கே போய்விடலாம். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது. இல்லையென்றால், தாளிக்கிற சத்தமே போதும்!

● அடுத்தவர் வீடியோவை வெட்டி ஒட்டுவதும், ஒரே அச்சில் வார்த்ததுபோல வீடியோக்களைக் குவிப்பதும் வருமான வசதிக்கான விண்ணப்பம் நிராகரிக்கப்பட முக்கியக் காரணங்கள். சொந்தக் குரலும் விளக்கமும் இருக்கட்டும்.

● வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்கும் பின் எண் தபாலில் வரும். பணம் வந்து சேரும் கூகுள் ஆட்சென்ஸ் கணக்கில் கதவு எண், பின்கோடு சரியாக இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும்.

● வரி விவரப் படிவத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கொடுக்காவிட்டால் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடித்தம் செய்யப்படலாம்.

● ஆறு மாதங்களுக்கு மேல் எதுவும் பதிவிடாமல் இருந்தால் வருமான வசதி பறிபோகலாம். கைவசம் இரண்டு வீடியோக்களை எடுத்து வைத்திருங்கள்.