எண்பதை நெருங்குகிறவர்களுக்கு

எனக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. சர்க்கரை உண்டு, ரத்தக்கொதிப்பும் உண்டு. ஆனாலும் குளியல், துணி மாற்றுவது, காலைக் காப்பி எல்லாம் என் கையால்தான். எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் அது வாய்க்க வேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

1. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழப் பழகுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். கழிவறையில் உட்கார்ந்தவர் தானாக எழ முடியாத நாளில்தான் அடுத்தவர் கையை நம்பிய வாழ்க்கை தொடங்குகிறது. தொடைச் சதை கரைவதே காரணம். ‘இந்த வயசில் இனி எங்கே’ என்று விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரை உள்ள சிலருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 1990-இல் வெளியான ஆய்வு அது. கால் வலு சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. இருவர் ஊன்றுகோலையே விட்டுவிட்டார்கள்.

நமக்குக் கருவி வேண்டாம். உறுதியான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, காலையும் மாலையும் பத்து முறை எழுந்து உட்காருங்கள். ஆரம்பத்தில் கையூன்றலாம். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ரசம் சாதத்தை மட்டும் நம்பினால் சதை பிடிக்காது. பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் என்று தினமும் ஏதாவது இருக்கட்டும்.

2. இடுப்பெலும்பு முறிந்த பிறகு பழைய நடை பலருக்குத் திரும்புவதில்லை. அதனால் குளியலறையில் கைப்பிடிக் கம்பியை இன்றே போடச் சொல்லுங்கள், விழுந்த பிறகு அல்ல. வழுக்கும் மிதியடியைத் தூக்கி எறியுங்கள். இரவில் எழுந்ததும் நடக்காதீர்கள். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காருங்கள். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். தூக்க மாத்திரையும் ஆளைத் தள்ளிவிடும். சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஒரே டாக்டரிடம் காட்டுங்கள்.

3. காது மெஷின் போட வெட்கம் வேண்டாம். கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார். பேச்சு குறைந்தால் மூளைக்கும் வேலை குறைகிறது. மறதி நோய்க்கு வழிவிடும், ஆனால் சரிசெய்யக்கூடிய காரணங்களில் கேட்புக் குறைவும் ஒன்று என்கிறது மருத்துவம்.

4. மறதி வந்தால் ‘வயசாச்சு’ என்று மூடி மறைக்காதீர்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவையும் மறதி போலவே வரும், சிகிச்சை உண்டு. திடீரென்று ஆள் குழம்பிப் பேசினால், அது சிறுநீர்த் தொற்றாகவோ நீர் வற்றியதாகவோ இருக்கலாம். அன்றே காட்டுங்கள். முதுமையில் தாகம் சரியாகத் தெரியாது. நேரம் வைத்துத் தண்ணீர் குடியுங்கள்.

5. கீரை ஆய்வது, துணி மடிப்பது, பால் கணக்கு எழுதுவது எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிள்ளைகளே, அன்பினால் அதைப் பிடுங்காதீர்கள். மெதுவாகச் செய்தாலும் அம்மாவே செய்யட்டும்.

6. வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதும் முன் வக்கீலைப் பாருங்கள். 2007-ஆம் ஆண்டு வந்த முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, கவனிக்காத பிள்ளைக்குக் கொடுத்ததை ரத்து செய்ய வழியுண்டு. ‘என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். உதவிக்கு யாருமில்லை என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. அழைக்கக் கட்டணம் இல்லை.